ஏழு ரூபாய் விஸ்கியும் தாசில்தார் மூக்கும்

புதுக்கோட்டையில் ராஜவீதிக்குப் பின்னால் இருந்த அந்தக் கிளப்புக்கு டென்னிஸ் கிளப் என்று பெயர். அதில் டென்னிஸ் ஆடத் தெரிந்தவர் யாரும் உயிரோடு இல்லை. ஆடுகளத்தில் கிளப் வேலையாள் சவரியப்பனின் கோழிகள் மேய்ந்தன. வலையைக் கிழித்து அவனே வெண்டைப் பாத்திக்கு வேலி கட்டியிருந்தான். உறுப்பினர்கள் பதினோரு பேர். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு சாயங்காலம் நாலரைக்கு வருவார்கள், ஏழரைக்குப் போவார்கள். நடுவில் என்ன செய்தார்கள் என்று வீட்டில் கேட்டால் பேப்பர் படித்தோம் என்பார்கள். பேப்பர் படித்த வாயிலிருந்து அப்படி ஒரு வாசனை எப்படி வரும் என்று எந்த வீட்டுப் பெண்ணும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

அந்தக் கிளப்பில் முதல் கிளாஸ் ரெங்கராஜுக்கு. அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப் பாட்டில் எது வந்தாலும் சவரியப்பன் அதைத் திறந்து, இரண்டு விரல் அளவு ஊற்றி, தட்டில் வைத்து அவர் முன்னால் கொண்டு வருவான். ரெங்கராஜ் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வார். பத்துப் பேர் காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கண்ணைத் திறந்து "பரவாயில்லை" என்றால்தான் மற்றவர்களுக்கு ஊற்றப்படும். சீமையில் உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி ஒரு தடவை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு பெட்டிச் சரக்கு அப்படியே திருச்சிக்குத் திரும்பிப் போயிற்று. அந்த "வேண்டாம்" பற்றிக் கிளப்பில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

மனுஷர் அந்த ஒரு கிளாஸுக்காகத்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. உத்தியோகத்தில் இருந்தபோது அவர் இருமினால் நாலு பேர் ஓடி வந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு கடைத்தெருவில் வாய்விட்டுக் கூப்பிட்டாலும் வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பரந்த சமஸ்தானத்தில் அவர் சொல்லுக்காகப் பத்துப் பேர் காத்திருந்த இடம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவர் வெறும் ரெங்கராஜ். நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

போன ஐப்பசி மழையில் அவருக்கு இருபத்தொரு நாள் காய்ச்சல். கிளப் உறுப்பினரான டாக்டர் ஞானமணிதான் வைத்தியம் பார்த்தார். காய்ச்சல் போயிற்று, போகிற போக்கில் மூக்கையும் கொண்டு போய்விட்டது. மூக்கு அதே இடத்தில்தான் இருந்தது, கண்ணாடியும் அதன் மேல் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தது. வாசனைதான் இல்லை. யாரும் பார்க்காதபோது பெருங்காய டப்பாவைத் திறந்து முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சுவரை மோந்த மாதிரி இருந்தது. நாக்கில் உப்பும் புளிப்பும் இனிப்பும் காரமும் தங்கின, மற்றதெல்லாம் காலி. விஸ்கியை விழுங்கினால் தொண்டை எரிந்தது. சாராயத்தை விழுங்கினாலும் அதே எரிச்சல்தான்.

இதை அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நல்லவேளையாக, சண்டைக்காலம். கப்பலில் வருவதே குறைவு, வந்ததும் ஒரே வகை ஸ்காட்ச்தான். பாட்டிலின் காகிதத்தைப் பார்த்துப் பழைய வார்த்தைகளையே கொஞ்சம் முன்பின்னாக மாற்றிச் சொல்லி நாலு மாதத்தை ஓட்டிவிட்டார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை சவரியப்பன் திருச்சியிலிருந்து வைக்கோல் சுற்றிய ஒற்றைப் பாட்டிலோடு வந்து நின்றான்.

"ஸ்காட்ச்சு இனிமே சண்டை முடிஞ்சாத்தான் வருமாம் எசமான். நம்மகிட்ட அலமாரியில ஒரே ஒரு பாட்டில்தான் மிச்சம். இது ரை விஸ்கியாம், அமெரிக்காச் சரக்கு. பாட்டில் ஏழு ரூபா. ரெண்டு டஜன் இருக்கு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாகளாம்."

ஏழு ரூபாய் என்றதும் கிளப்பில் முகங்கள் சுருங்கின. ஸ்காட்ச் இருபது ரூபாய். இருபது ரூபாய்க்குக் குடித்துப் பழகியவர்களுக்கு ஏழு ரூபாய்ப் பாட்டில் எதிரில் வந்து நிற்பதே ஒரு அவமரியாதை.

"ரைன்னா என்னய்யா அது?" என்றார் வக்கீல் ஆத்மநாதன்.

"தானியமாம் எசமான். கடைக்காரரு சொல்றதப் பாத்தா நம்ம கம்பு, கேப்பை வகையறா போல இருக்கு."

"கம்புல காய்ச்சுனதா? அதுக்கு எங்க வீட்டுக் கூழையே ரெண்டு நாள் புளிக்க வச்சுக் குடிச்சுட்டுப் போறேன். ஏழு ரூபா எதுக்கு?"

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் ரெங்கராஜைப் பார்த்தார்கள். முதல் கிளாஸ் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தார், மோந்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார். இருட்டுத்தான் தெரிந்தது. தொண்டை எரிந்தது. காகிதத்தில் எழுதியிருந்த பெயரை அவர் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. பழைய வார்த்தைகள் இதற்குப் பொருந்துமா என்றும் தெரியவில்லை.

"அவசரப்பட்டுச் சொல்ற சரக்கு இல்ல இது. நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார்.

அவர் வீடு கிளப்புக்கு நேர் பின்னால். நடுவில் ஒரு மதில்தான். ஆனால் வாசல் அடுத்த தெருவில் இருந்ததால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வழியெல்லாம் நாளைக்கு என்ன சொல்வது என்ற யோசனை. வீட்டு நடையில் அவர் மனைவி பிரகதாம்பாள் வழக்கம்போல் கால் கழுவத் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

பிரகதாம்பாள் தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவளில்லை. ஆனால் முப்பது வருஷமாகத் தினம் அந்த நடையில் நின்று புருஷனின் மூச்சை வாங்கியிருக்கிறாள். எந்தப் பாட்டில், எத்தனை கிளாஸ், குடித்தது சந்தோஷத்திலா கடுப்பிலா என்பது வரை அவளுக்கு அத்துப்படி. ஸ்காட்ச்சுக்கு அவள் வைத்த பெயர் அடுப்புப் புகை. பிராந்திக்கு அழுகின திராட்சை. சாராயத்துக்குத் தீய்ந்த பாகு. இதையெல்லாம் அவள் வாய்விட்டே சொல்லியும் இருக்கிறாள். பொம்பளைப் பேச்சு என்று அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"நில்லுங்க. இது என்ன புதுசா இருக்கு?" என்றாள்.

"என்ன புதுசு?"

"கம்பை வறுத்தாப்ல ஒரு வாசனை. அதுக்கு மேல மொளகைத் தட்டிப் போட்ட மாதிரி. கடைசியில புதுசா எழைச்ச மரப்பெட்டி. அந்த அடுப்புப் புகை இதுல இல்ல. நல்ல சரக்குதான், கலப்படம் கெடையாது. ஆனா எளசு. வெல கொறச்சலாத்தான் இருக்கணும்."

ரெங்கராஜ் ஒரு செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றுவிட்டார். காது கேட்கவில்லை என்று சொல்லி அவளை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வறுத்த கம்பு, மிளகு, மரப்பெட்டி.

வியாழக்கிழமை கிளப்பில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மொதல்ல வறுத்த தானியம். அப்புறம் மொளகு. முடியுற எடத்துல எழைச்ச புது மரம். பொகை கெடையாது. வயசு கம்மி. ஆனா நல்ல குலம்." கடைசியில் சொன்ன குலம் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

வக்கீல் மூக்கின் மேல் விரலை வைத்தார். சவரியப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவன் வரும் வழியில் ரயிலில் திருட்டுத்தனமாக ஒரு வாய் ஊற்றிப் பார்த்திருந்தான், அந்த மிளகு அவனுக்கும் தெரிந்திருந்தது. வாயைத் திறந்து சொல்லத்தான் முடியவில்லை.

டாக்டர் ஞானமணி மட்டும் அசரவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போன வாரம் சவரியப்பனின் கோழி ஒன்று ரெங்கராஜின் நாற்காலிக்கு அடியில் இட்டு மறந்த முட்டை, யாரோ கால் வைத்து உடைந்தது. பத்துப் பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ரெங்கராஜ் மட்டும் பேப்பரைப் புரட்டியபடி, "எங்க எல்லாரும் கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவருக்கு அது போதாதா?

"பிரமாதமாச் சொன்னீங்க" என்றார் டாக்டர். "ஆனா ஒரு சரக்கைத் தனியா வச்சு வெல சொல்லக் கூடாதுங்க. மாட்டைக்கூட நாலு மாட்டோட நிறுத்தித்தானே பாக்குறோம்? சனிக்கெழமை நான் மூணு கிளாஸ் வைக்கிறேன். ஒண்ணு நம்ம ஸ்காட்ச்சு, ஒண்ணு இந்த ரை, ஒண்ணு சாராயத்துல சீனியைக் கருக்கிக் கலர் ஏத்துனது. எது எதுன்னு நீங்க சொல்லிட்டா ரெண்டு டஜனையும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிருவோம்."

"தப்பாப் போச்சுன்னா?" என்றார் வக்கீல்.

"இனிமே மொத கிளாஸு எனக்கு."

ரெங்கராஜ் சத்தம் போட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பை அவர் உத்தியோகத்தில்கூடச் சிரித்ததில்லை.

வீட்டுக்கு வந்தவர் அடுக்களையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உறியைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் நாலு தடவை வந்திருந்தால் அதிகம்.

"மூக்கு போச்சுன்னு சொல்லத்தானே இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறீங்க?" என்றாள் பிரகதாம்பாள், அடுப்பைப் பார்த்தபடியே.

ரெங்கராஜ் அம்மிப் பக்கமிருந்து திரும்பினார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"காச்சல் விட்ட மூணாம் நாளு பால் அடிப்பிடிச்சுப் போச்சு. கொட்ட மனசில்லாம அதுலயே காப்பி போட்டுக் குடுத்தேன். இன்னைக்குக் காப்பி ஜோர்னு சொல்லிக் குடிச்சீங்க. அன்னையிலேருந்து நம்ம வீட்டுல பால் அடிப்பிடிச்சா நான் கொட்டுறதே இல்ல."

நாலு மாதமாகத் தீய்ந்த பாலில் காப்பி! வேறு நாளாக இருந்தால் அவர் வீட்டை இரண்டாக்கியிருப்பார். இந்த வாரம் அவருக்குக் கோபப்பட வசதியில்லை. டாக்டர் போட்ட பந்தயத்தைச் சொல்லிவிட்டு நின்றார்.

"சரி, அதுக்கு நான் என்ன செய்யணும்? வாயைத் தொறந்து கேளுங்க."

அவர் அவளிடம் காப்பி என்பார், விசிறி என்பார், கதவு என்பார். கேட்டுப் பழக்கமில்லை. "நீ மோந்து பாத்துச் சொல்லணும் பிரகதா" என்றார்.

"சொல்றேன். ஒண்ணு மட்டும். நான் சொன்னதை அப்படியே அங்க போய்ச் சொல்லணும். இவளுக்கு என்ன தெரியும்னு நடுவுல உங்க புத்தியைக் கலக்கக் கூடாது."

"அம்மன் சத்தியமா."

வழியையும் அவளே சொன்னாள். மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம் கிளப்பின் மதில். அதில் ஒரு செங்கல் விழுந்து ஓட்டையாக இருந்தது. சவரியப்பனின் கோழிகள் அந்த வழியாகத்தான் அவள் மாட்டுத் தவிட்டைத் தின்ன வரும். கிளப் பக்கத்தில் ஓட்டைக்கு முன்னால் ஒரு வேப்பமரம், ஆளை மறைக்க அது போதும்.

சனிக்கிழமை நாலு மணிக்கே பதினோரு பேரும் ஆஜர். தோட்டத்தில் மேஜை போட்டு அதன் மேல் மூன்று பாத்திரங்களை டாக்டர் வரிசையாக வைத்திருந்தார். இடதுபுறம் சாதாரணக் கண்ணாடி கிளாஸ். நடுவில் காலுள்ள, பூ வேலை செய்த உசத்தியான கிளாஸ். வலதுபுறம் பித்தளைத் தம்ளர். ஒரே மாதிரி கிளாஸ் கிடைக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார் டாக்டர். முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

ரெங்கராஜ் தொண்டையைச் செருமினார். "தொடங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன். ஒவ்வொரு வாய்க்கும் நடுவுல நூறு அடி தனியா நடக்கணும். ஸ்காட்லாந்துல அதுதான் முறை."

"நீங்க எப்பங்க ஸ்காட்லாந்து போனீங்க?"

"நான் போகல. போன துரை ஒருத்தரு சொன்னாரு."

துரை சொன்னதை யார் மறுப்பது? சரி என்றார்கள். ரெங்கராஜ் இடது கிளாஸிலிருந்து ஒரு வாய் விழுங்கினார். தொண்டை எரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய யோசனையோடு நடந்து வேப்பமரத்துக்குப் பின்னால் போனார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, ஓட்டையில் வாயை வைத்து ஊதினார்.

"ரை" என்றது ஓட்டை, அவர் ஊதி முடிப்பதற்குள். "அன்னைக்கு வந்தது அதேதான். இந்தாங்க, வாயைச் சுத்தம் பண்ணிக்கிட்டுப் போங்க." ஒரு கைப்பிடிப் பொரியும் சின்னச் செம்பில் உப்புத் தண்ணீரும் ஓட்டை வழியாக வந்தன. பொரியை மென்று, கொப்பளித்து, மிடுக்காகத் திரும்பினார்.

நடுக் கிளாஸ். ஒரு வாய். நடை. குனிந்து ஊதினார்.

"இதுவும் ரைதான்."

"என்னது? நல்லா மோந்து பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். வறுத்த கம்பு, மொளகு, பொட்டி. ரைதான்."

"முன்ன குடிச்சது வாயில நிக்குதோ என்னமோ."

"நின்னா மங்கலா வரும். இது பளிச்சுன்னு வருது. நம்புனா நம்புங்க, இல்லேன்னா போங்க." இந்தத் தடவை பொரி கொஞ்சம் வேகமாக வந்தது.

அவர் மூன்று தடவை கொப்பளித்தார். திரும்பி வந்தபோது மிடுக்குக் குறைந்திருந்தது. பித்தளைத் தம்ளரை எடுத்து ஒரு வாய் விழுங்கினார். தொண்டை அதேபோல் எரிந்தது. மறுபடியும் நடை. இப்போது குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. முகத்தை மதிலோடு ஒட்டி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினார்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அதேதான். மூணும் ஒண்ணுதாங்க" என்றாள்.

"அடியே, ஒண்ணு ஸ்காட்ச்சு, ஒண்ணு சாராயம்னு டாக்டரு எல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்காரு!"

"டாக்டரு சொன்னாரு. இப்ப ஊதுனது டாக்டரா? உங்க வாயிலேருந்து வந்ததத்தான் நான் சொல்றேன். மூணும் ஒரே பாட்டிலு."

"அது எப்படி மூணும் ஒண்ணா இருக்கும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதை அப்படியே சொல்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. போங்க."

வேப்பமரத்திலிருந்து மேஜை வரை ஐம்பது அடி. அந்த ஐம்பது அடிக்குள் ரெங்கராஜ் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இவள் சொல்வதை நம்பி மூன்றும் ஒன்று என்று சொல்லி, அது தப்பாகப் போய்விட்டால்? ஸ்காட்ச்சையும் சாராயத்தையும் ஒன்று என்று சொன்ன தாசில்தார் என்று ஊரே சிரிக்கும். டாக்டர் படித்தவர், பொய் சொல்வாரா? இவள் பாவம், மூன்று தடவை மோந்ததில் குழம்பியிருப்பாள். என்ன இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவள். அவருடைய உத்தியோக மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. உசத்தியான கிளாஸை நடுவில் வைத்தது எதற்கு? பெரிய மனுஷனை நடு நாற்காலியில் உட்கார வைப்பது மாதிரி, ஸ்காட்ச்சுக்கு அந்த மரியாதை. சாராயத்தைப் பித்தளைத் தம்ளரில்தான் ஊற்றுவார்கள். வயலில் இறங்காமல் வரப்பைப் பார்த்தே விளைச்சலைச் சொன்னவருக்கு இது பெரிய காரியமா? மேஜைக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பு எழுதியாயிற்று. அம்மன் சத்தியம் மட்டும் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டது.

"இது ரை" என்று இடது கிளாஸைத் தொட்டார். "நடுவுல இருக்குறது ஸ்காட்ச்சு. அந்தப் பொகை ஒண்ணே போதும், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிருவேன். பித்தளையில இருக்குறது சாராயம். ஒத்தை அம்மன் காசுக்குக்கூடப் பெறாது."

"முடிவாத்தான் சொல்றீங்களா?"

"முடிவு."

டாக்டர் மேஜைக்கு அடியில் கையை விட்டு ரை பாட்டிலை எடுத்து வைத்தார். முக்கால்வாசி காலி. பிறகு சவரியப்பனைக் கூப்பிட்டார். அவன் அலமாரியிலிருந்து கடைசி ஸ்காட்ச் பாட்டிலைக் கொண்டு வந்தான். அதன் கழுத்தில் அரக்கு முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது.

"மூணுலயும் ரைதாங்க ஊத்தினேன்" என்றார் டாக்டர். குரலில் கேலியைவிட வருத்தம்தான் கூடுதலாக இருந்தது. வைத்தியர் அல்லவா? "சாராயமும் இல்ல, ஸ்காட்ச்சும் இல்ல."

"இது மோசடி!" என்று வக்கீல் பழக்கதோஷத்தில் எழுந்தார். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பத்துப் பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கோழிகளைப் பார்த்தார்கள். ரெங்கராஜுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. போயிற்று. முதல் கிளாஸ் போயிற்று, அந்த "வேண்டாம்" போயிற்று, இனி இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் ஒன்றுதான். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அறுபது வயதில் கோட்டுப் போட்டுக்கொண்டு அழவும் முடியாது.

அப்போது மதில் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல! மூணும் ஒண்ணுதான்னு முட்டிக்கிட்டேன்ல! கேட்டீங்களா?"

பதினோரு தலைகளும் திரும்பின. கொட்டகையில் கிடந்த உரலின் மேல் ஏறி நின்று, மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள் பிரகதாம்பாள். புருஷன் தோற்றது அவளுக்குப் பெரிதில்லை, அது அடிக்கடி நடப்பதுதான். தான் சரியாகச் சொன்னது வீணாகப் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை ஆண்பிள்ளைகள் தன்னைப் பார்க்கிறார்கள் என்று உறைத்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆனால் உரலை விட்டு இறங்கவில்லை.

டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேப்பமரம், நூறு அடி நடை, கோட்டின் மேல் ஒட்டியிருந்த பொரி. எழுந்து மதிலுக்குக் கீழே போய் நின்றார்.

"அம்மா, அந்த வறுத்த தானியம், மொளகு, மரப்பெட்டி எல்லாம் நீங்க சொன்னதா?"

"பின்ன அவரா சொன்னாரு? அவருக்குக் காச்சலோட மூக்கு போச்சு. நல்ல குலம்னு ஒண்ணு சொன்னாராமே, அது மட்டும் நான் சொல்லல."

இப்போது சிரிப்பு வந்தது. வக்கீல் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ரெங்கராஜ் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். சவரியப்பனுக்குத்தான் வேலை மேல் கண். திருச்சிக்கு நாளைக்கே பதில் போகவேண்டும்.

"ஆத்தா, நீங்களே சொல்லிருங்க. இந்தச் சரக்கை ஏழு ரூபாய்க்கு வாங்கலாமா?"

"தாராளமா வாங்கு" என்றாள் பிரகதாம்பாள். "சுத்தமான சரக்கு, மறுநாளு தலைவலி வராது. இருவது ரூபாய்ச் சரக்கைக் குடிச்சுட்டு வந்தப்பவும் இவரு வாசப்படியில தடுக்கித்தான் விழுந்தாரு. ஏழு ரூபாய்க்கும் அதே வாசப்படிதான். பதிமூணு ரூபா மிச்சம்."

கிளப் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு தெளிவாக யாரும் விலை சொன்னதில்லை. இரண்டு டஜனையும் வாங்குவதென்று அங்கேயே முடிவாயிற்று. டாக்டர் பாட்டிலில் மிஞ்சியதை அந்த உசத்தியான கிளாஸில் ஊற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பேச்சுப்படி இனிமே மொத கிளாஸு எனக்கு. ஆனா மூக்கு அம்மாவோடது. நான் குடிச்சுட்டு வந்து இங்க நின்னு ஊதுறேன், அம்மா வெலையைச் சொல்லட்டும். என்ன சொல்றீங்க?"

"நல்லா இருக்கே நாயம்!" என்று மதிலுக்கு மேலிருந்து வந்தது. "அடுத்த வீட்டு ஆம்பளை மூச்சை நான் எதுக்கு மோந்து பாக்கணும்? அவரு குடிச்சு ஊதுனா சொல்றேன். இல்லேன்னா ஆளுக்கொரு கிளாஸை வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருங்க."

டாக்டர் கிளாஸை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்தபடி நின்றார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல் மெதுவாக எழுந்து, அந்த அம்மாள் சொல்வதில் சட்டப்படி ஒரு ஓட்டையும் இல்லை என்றார். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிளாஸைக் கொண்டுபோய் ரெங்கராஜின் கையில் கொடுத்தார்.

ரெங்கராஜ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை, கண்ணையும் மூடவில்லை. ஒரே வாயில் விழுங்கினார். எழுந்து மதிலை நோக்கி நடந்தார். பத்துப் பேரும் காலி கிளாஸோடு அவர் பின்னால் போனார்கள். இந்தத் தடவை அவர் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை, குனியவும் இல்லை. மதிலடியில் நின்று, தலையை அண்ணாந்து, எல்லோரும் பார்க்க ஊதினார்.

பிரகதாம்பாள் மேலிருந்து குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள்.

"ரை. நாலாவது தடவையும் அதேதான். இப்பவாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றார் ரெங்கராஜ்.

"காதுல விழுகல."

"நம்புறேன் பிரகதா" என்றார், தோட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

முப்பது வருஷமாக அவர் வாயிலிருந்து எது வந்தாலும் இன்னதென்று சொல்லிவிடுகிற அவளுக்கு, இந்த வார்த்தை மட்டும் புதிதாக இருந்தது. உரலின் மேல் அப்படியே நின்றாள். சவரியப்பன் அதற்குள் அந்தக் கடைசி ஸ்காட்ச் பாட்டிலின் அரக்கை உடைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.